ஐந்து ஸ்ட்ரோபெரிச் செடிகளும் விடுபட்ட பெயர்களும்

ஸ்ட்ரோபெரியை வீட்டில் சாடியில் வளர்க்கலாம் என்று சொன்னால், "அது நுவரெலியாக் குளிருக்குத்தானே வரும், வெள்ளைக்காரன்ட பழமெல்லோ" என்று எங்கட ஆக்கள் கேட்பினம். குளிர் விஷயம் பாதி சரி. மற்றதை நாங்கள் ஒருக்கா நின்று பார்க்க வேண்டியிருக்கு. ஏனென்றால் இன்று கடையில் கிடைக்கிற பெரிய ஸ்ட்ரோபெரி ஐரோப்பாக் காடுகளில் இருந்ததே இல்லை. அங்கே இருந்தவை மிகச் சிறிய பழங்கள்தான்.

பெரிய பழம் இருந்தது தென்னமெரிக்காவில், இன்றைய சிலியில். ஸ்பானியர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே மப்புச்சே மக்கள் அதைப் பயிரிட்டு வந்தார்கள். பியோபியோ ஆற்றுக்குத் தெற்கே ஸ்பானிய ஆட்சியை இருநூறு வருஷத்துக்கு மேல் மறித்து வைத்திருந்தவர்களும் இவர்கள்தான்.

1712இல் பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயி, அமெடே ஃபிரான்சுவா ஃபிரேசியே என்ற இராணுவப் பொறியியலாளரை அந்தப் பக்கம் அனுப்பினார். வேஷம் வியாபாரி, உண்மையான வேலை ஸ்பானியக் கோட்டைகளை உளவு பார்த்து வரைவது. கொன்செப்சியோனில் சில பழங்கள் கோழி முட்டையளவு இருந்ததாக அவர் எழுதி வைத்தார். 1714இல் திரும்பும்போது ஐந்து செடிகளைச் சாடியில் வைத்துக் கொண்டு வந்தார்.

ஸ்ட்ரோபெரிக்கு வேர் ஆழமாகப் போகாது, ஆகவே சாடி போதும். ஆனால் சாடி மண் கெதியாகக் காய்ந்துவிடும். ஏறத்தாழ ஆறு மாதக் கடற்பயணம், கப்பலில் நல்ல தண்ணீரோ தட்டுப்பாடு. சரக்குக்குப் பொறுப்பாக இருந்தவர் செடிகளுக்கும் தண்ணீர் தந்தார். அதற்குக் கைமாறாக இரண்டு செடிகள் அவருக்குப் போயின. மிச்சத்தில் ஒன்று பாரிஸ் அரச தோட்டத்துக்கு, ஒன்று மேலதிகாரிக்கு, ஒன்று ஃபிரேசியேக்கு.

செடி தப்பியது, பழம் வரவில்லை. பெரிய பழம் பிடித்திருந்த செடிகளாகப் பார்த்து எடுத்ததில், வந்தது எல்லாமே பெண் செடி. ஸ்ட்ரோபெரி கொடி விட்டுப் பெருகும். கொடியில் வரும் கன்று தாயைப் போலவே இருக்கும். அதனால் எத்தனை கன்று பிரித்து நட்டாலும் ஆண் செடி கிடைக்கவில்லை. பிறகு, வட அமெரிக்காவிலிருந்து வந்திருந்த வேர்ஜீனிய ஸ்ட்ரோபெரியைப் பக்கத்தில் நட்ட இடங்களில் அது காய்த்தது. இரண்டும் கலந்து பிறந்ததுதான் இன்றைய பழம். அது கலப்பினம் என்று 1766இல் நூலெழுதி விளக்கிய அந்துவான் நிக்கோலா டியூஷேனுக்கு அப்போது இருபது வயது கூட நிரம்பவில்லை.

இந்தக் கதையில் ஃபிரேசியேயின் பெயர் இருக்கு, டியூஷேனின் பெயர் இருக்கு. பெரிய பழம் தரும் செடியைத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து வளர்த்த ஒரு மப்புச்சே ஆளின் பெயர் கூட இல்லை. எங்களுக்கு இது புதிசு இல்லை. இலங்கைத் தேயிலை வரலாறு என்றதும் 1867, லூல்கந்துர, ஜேம்ஸ் டெய்லர் என்று பாடமாக்கினோம். காடு வெட்டிக் கன்று நட்டவர்களில் ஒருவரின் பெயராவது எங்கட பரீட்சைக்கு வந்ததா?

ஒரு செடியைக் கொண்டு வந்தது யார் என்று கேட்கிற நாங்கள், அதை வளர்த்தது யார் என்றும் கேட்கவேணும். சிலி தூரம்தான். மலையகத்தில் இருந்தே தொடங்கலாம்.