லப்பக் ஊரின் ஓட்டும் சேலத்து உத்தரவும்

டெக்சாஸ் மாநிலத்தின் மேற்குச் சமவெளியில் லப்பக் என்று ஒரு நகரம். சுற்றிலும் பருத்திக்காடு, எந்நேரமும் புழுதிக் காற்று, தெருவுக்கு ஒரு தேவாலயம். 2009 மே 9, சனிக்கிழமை, அந்த லப்பக் கவுண்டியின் வாக்காளர்கள் முன் ஒரு கேள்வி வைக்கப்பட்டது: பாட்டில் மதுவை இங்கே கடை வைத்து விற்கலாமா, கூடாதா? கவுண்டி என்பதை நம் தாலுகாவைப் போன்ற ஒரு நிர்வாகப் பகுதி என்று வைத்துக்கொள்ளலாம்.

நான் அப்போது அந்த ஊரில் பருத்தி இழைகளைச் சோதிக்கும் ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். விசாவில் இருந்த எனக்கு ஓட்டு கிடையாது. ஆனாலும் அந்தத் தேர்தலை என் வீட்டு விவகாரம் போலக் கவனித்தேன். காரணம், நான் பழைய சேலம் ஜில்லாக்காரன், திருச்செங்கோட்டுப் பக்கத்து நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவன். இந்தியாவிலேயே முதலில் மதுவிலக்கு வந்த ஜில்லா எங்களுடையது. கள்ளுக்கடை மூடிய கதையைக் கேட்டு வளர்ந்தவனுக்கு, ஒரு ஊரே கூடிக் கடையைத் திறப்பதா மூடுவதா என்று ஓட்டுப் போடுவது புதுமையாக இருந்தது.

அங்கே இது பழைய வழக்கம். 1876-ஆம் ஆண்டு டெக்சாஸ் அரசமைப்புச் சட்டத்திலேயே இது எழுதப்பட்டுவிட்டது. மதுக்கடை வேண்டுமா என்பதைக் கவுண்டியோ, அதற்குள் அடங்கிய சிறு சரகமோ, நகரமோ தானே ஓட்டெடுத்து முடிவு செய்துகொள்ளச் சட்டசபை வழி செய்ய வேண்டும் என்றது அது. 1887-இல் மாநிலம் முழுவதற்கும் மதுவிலக்குக் கேட்டு நடந்த ஓட்டெடுப்பு பெரிய வித்தியாசத்தில் தோற்றது. தோற்றவர்கள் ஓயவில்லை. ஊர் ஊராகப் போய் வேலை செய்தார்கள். பாப்டிஸ்ட், மெதடிஸ்ட் சபைகள் முன்னால் நின்றன. 1874-இல் தொடங்கிய கிறிஸ்தவப் பெண்கள் மதுவிலக்குச் சங்கத்தார் ஊர்வலம் போனார்கள், வீடு வீடாகப் பேசினார்கள். அப்போது பெண்களுக்கு ஓட்டுரிமைகூட இல்லை. 1895-இல் டெக்சாஸின் 53 கவுண்டிகளில் மது அறவே இல்லை.

இந்த வரலாற்றில் மறைக்கக் கூடாத ஒரு கறையும் உண்டு. 1902-இல் டெக்சாஸில் ஓட்டுப் போடுவதற்கே வரி கட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. கறுப்பின மக்களும், மெக்சிகோ வழியினரும், ஏழை வெள்ளையரும் கூட்டம் கூட்டமாக வாக்காளர் பட்டியலுக்கு வெளியே போனார்கள். பிறகு மதுவிலக்குத் தரப்புக்குக் கிடைத்த வெற்றிகள் பல, இப்படிச் சுருங்கிப்போன பட்டியலை வைத்துக் கிடைத்தவை. எதிர்த்தரப்பும் யோக்கியமாக நடந்துகொள்ளவில்லை. பீர் ஆலைக்காரர்கள் ஏழைகளின் ஓட்டு வரியைத் தாங்களே கட்டி அவர்களைச் சாவடிக்கு அழைத்து வந்தார்கள். அதற்காக வழக்கும் அபராதமும் அவர்கள்மேல் விழுந்தன.

மற்றதைச் சுருக்கிச் சொல்லிவிடலாம். 1919-இல் மாநிலம் முழுவதும் மதுவிலக்கு, 1920 ஜனவரியில் நாடு முழுவதும். 1933 டிசம்பரில் தேசிய மதுவிலக்கு நீங்கியது. 1935-இல் டெக்சாஸ் மக்கள் மாநிலத் தடையையும் ஓட்டுப் போட்டு நீக்கினார்கள். ஆனால், தடை வருமுன்பே தம் ஓட்டால் மதுவை விலக்கியிருந்த ஊர்களுக்கு அந்த விலக்கு அப்படியே தொடரும் என்று சட்டம் சொன்னது. மாற்ற வேண்டுமென்றால் அந்த ஊர்தான் மறுபடி ஓட்டெடுக்க வேண்டும். எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இதுதான். தேசமே மனம் மாறியபோதும் ஓர் ஊர் தனக்கென்று எடுத்த முடிவை யாரும் தொடவில்லை.

லப்பக் இப்படிப் பல்லாண்டு காலம் இருந்தது. 1972-இல்தான் உணவகங்களில் மேசைக்குக் கோப்பையில் ஊற்றித் தர மக்கள் சம்மதித்தார்கள். பாட்டில் விற்பனை மட்டும் நகருக்குள் வரவில்லை. நகர எல்லைக்கு வெளியே, தஹோகா போகும் நெடுஞ்சாலை ஓரத்தில், அனுமதி இருந்த ஒரு துண்டு நிலத்தில் போய்க் குவிந்தது. 'ஸ்ட்ரிப்' என்பார்கள்.

இந்தியாவிலிருந்து வந்த மாணவர்கள் விருந்து வைத்தால் கார் வைத்திருக்கிற யாராவது அங்கே போய்வர வேண்டும். நானும் கூடப் போயிருக்கிறேன். ஊர் முடிந்தபின் சாலையின் இரு பக்கமும் கும்மிருட்டு. பிறகு திடீரென்று நியான் விளக்குகள், வரிசையாக மதுக்கடைகள். வண்டியை விட்டு இறங்கவே வேண்டாம். கொட்டகை போன்ற கடைக்குள் காரையே ஓட்டிக்கொண்டு போய்க் கண்ணாடியை இறக்கினால் ஒரு பையன் ஓடிவருவான். வேண்டியதைச் சொன்னதும் குளிர்ந்த பீர்ப் பெட்டியைத் தூக்கிவந்து பின் சீட்டில் வைத்துவிட்டுக் காசை வாங்கிக்கொள்வான். மறுவாசல் வழியாக வெளியேறலாம். டெக்சாஸ் சட்டப்படி விஸ்கி, ரம் விற்கும் கடைகளை இரவு ஒன்பது மணிக்கு மூடிவிட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை திறக்கவே கூடாது. அதனால் சனிக்கிழமை எட்டரை மணிக்கு மேல் அந்தச் சாலையில் வண்டிகள் பறந்த வேகத்தை நினைத்தால் இன்றும் பயமாக இருக்கிறது.

ஓட்டெடுப்பு நடத்துவது அங்கே லேசான காரியம் அல்ல. முதலில் பத்து வாக்காளர்கள் கையெழுத்திட்டு மனு விண்ணப்பம் தர வேண்டும், செய்தித்தாளில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். பிறகு 60 நாளுக்குள், முந்தைய கவர்னர் தேர்தலில் ஓட்டளித்தவர்கள் எண்ணிக்கையில் 35 சதவீதத்துக்குக் குறையாமல் கையெழுத்துகள் சேர வேண்டும். வாக்குச்சீட்டின் வாசகத்தைக்கூட எந்தத் தரப்பும் இஷ்டத்துக்கு எழுத முடியாது. கடையில் வாங்கிக்கொண்டு போய் வெளியே அருந்துவதற்கான மது விற்பனை என்று சட்டம் வகுத்த அதே சொற்கள்தான் இருக்கும். எதிரே ஆதரவு, எதிர்ப்பு என இரண்டு கட்டங்கள்.

அந்த மாதங்களில் ஆய்வுக்கூடத்தில் வேறு பேச்சே இல்லை. எங்கள் இயந்திரங்களைப் பராமரித்த பெரியவர் ஒருவர், பருத்தி விவசாயி, பாப்டிஸ்ட் சபைக்காரர். அவர் எதிர்ப்பு. "பத்து மைல் ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்றால் பாதிப் பேருக்கு வழியிலேயே புத்தி வந்துவிடும். பால் வாங்குகிற கடையிலேயே பீரும் இருந்தால் என்ன ஆகும்?" என்று கேட்பார். அலுவலகத்துப் பெண் ஒருவர் ஆதரவு. அவரும் தேவாலயத்துக்குத் தவறாமல் போகிறவர்தான். "போகும்போது வருகிற புத்தி இருக்கட்டும். திரும்பி வரும்போது குடித்துக்கொண்டே ஓட்டுகிறார்களே, அந்தச் சாலையில்தான் என் மகனும் போகிறான்" என்றார். ஸ்ட்ரிப் கடைக்காரர்களுக்கு நகருக்குள் விற்பனை வந்தால் பிழைப்பே போய்விடும். ஆக, சபையும் அவர்களும் வேண்டியது ஒரே முடிவு. அமெரிக்க மதுவிலக்கு வரலாறு முழுவதும் இந்தச் சேர்க்கை தென்படுகிறது. குடியை வெறுப்பவரும், தடையால் பிழைப்பவரும் ஒரே பக்கம் நிற்பார்கள்.

ஆதரவு பெரும்பான்மையில் வென்றது. அந்த வருடமே நகருக்குள் கடைகள் வந்தன. ஸ்ட்ரிப்பின் தனி ஆட்சி முடிந்தது. பெரியவர் திங்கட்கிழமை வேலைக்கு வந்து, "ஊர் சொல்லிவிட்டது" என்றதோடு சரி. அதற்குமேல் அவர் குறை சொல்லி நான் கேட்டதில்லை. தன்னிடம் கேட்டுவிட்டுத்தான் செய்தார்கள் என்ற நிறைவு அவருக்கு இருந்தது.

எங்கள் ஜில்லாவில் யாரும் யாரையும் கேட்டதில்லை. ராஜாஜி திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்திலிருந்து மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' பத்திரிகை நடத்தியவர். முதல்வராக வந்ததும் 1937 அக்டோபர் 1 முதல் சேலம் ஜில்லாவில் கள்ளுக்கடைகளையும் சாராயக்கடைகளையும் மூடினார். போன வருமானத்தை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி வந்தது. அந்த உத்தரவு நல்ல உத்தரவு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தாத்தாவின் தறிக்கூலி முழுசாக வீட்டுக்கு வந்த முதல் வாரத்தைப் பற்றி எங்கள் ஆயா சாகும்வரை பேசினாள். அன்று பிழைப்பை இழந்த மரமேறிகளுக்கும் அதில் ஒரு வார்த்தை சொல்ல இடமிருந்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

மேலிருந்து வந்தது மேலிருந்தே போனது. உலகப்போரின்போது கவர்னர் ஆட்சியில் மதுவிலக்கு நிறுத்திவைக்கப்பட்டது. 1948-இல் மாகாணம் முழுவதும் வந்தது. 1971-இல் தளர்ந்து, 1974-இல் திரும்பி, 1981-இல் மறுபடி போனது. 1983-இல் டாஸ்மாக் நிறுவனம் பிறந்தது. 2003 முதல் சில்லறைக் கடையையும் அரசே நடத்துகிறது. ஒவ்வொரு முறையும் முடிவு கோட்டையில் எடுக்கப்பட்டது. கடை இருக்கும் தெருவில் குடியிருக்கும் பெண்ணிடம் ஒரு முறைகூடக் கேட்கப்படவில்லை. கிராம சபைகள் கடையை எடுக்கச் சொல்லித் தீர்மானம் போடுகின்றன. தீர்மானம் போட்டதாலேயே கடை போய்விடுவதில்லை.

இதற்கு டெக்சாஸ் வரை போக வேண்டியதில்லை. மகாராஷ்டிரத்தில் ஊர்ப் பெண்கள் மனுக் கொடுத்தால் ஓட்டெடுப்பு நடத்திக் கடையை மூட விதி இருக்கிறது. வாக்குச்சீட்டில் நிற்கும் பாட்டில், படுத்த பாட்டில் என்று இரண்டு சின்னம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் முத்திரை குத்திவிடலாம். படுத்த பாட்டில் ஜெயித்தால் கடை மூடப்படும். அப்படியொரு சட்டம் தமிழ்நாட்டுக்கும் வேண்டும். அடுத்த தேர்தலில் உங்கள் வீட்டு வாசலுக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம், எந்தக் கட்சியாக இருந்தாலும், முதலில் இதைக் கேளுங்கள்.