ஒளிர்வு நுண்ணோக்கியும் வேர்ப்பூஞ்சை ஆய்வும்

பெரும்பாலான நிலத் தாவரங்களின் வேர்களில் பூஞ்சைகள் வாழ்கின்றன. அவை மண்ணிலுள்ள பாஸ்பரஸைத் தாவரத்திற்கு அளித்து, அதனிடமிருந்து சர்க்கரையும் கொழுப்பும் பெறுகின்றன. இக்கூட்டுவாழ்வுக்கு 1885இல் மைக்கோரைசா, அதாவது பூஞ்சைவேர், என்று பெயரிட்டவர் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் பிராங்க். பயிர்களில் பரவலாகக் காணப்படும் வகை, வேரின் புறணிச் செல்களுக்குள் சிறு மரம்போல் கிளைத்து வளர்கிறது. அர்பஸ்கூல் எனப்படும் இவ்வமைப்பிலேயே பொருள் பரிமாற்றம் நடைபெறுகிறது. இதன் ஆயுள் சில நாட்களே. வேரை வெளியிலிருந்து பார்த்து இதை அறிய இயலாது.

1970இல் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த பிலிப்ஸ், ஹேமன் ஆகியோர் எளிய சாயமேற்றும் முறையொன்றை வெளியிட்டனர். வேரைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் சூடாக்கி நிறம் நீக்கி, டிரைபன் நீலத்தால் சாயமேற்றினால் பூஞ்சை நீல நிறத்தில் தெரியும். இம்முறை உலகெங்கும் பரவியது. ஆனால் இதில் வேர் இறந்துவிடும். உயிருள்ள பூஞ்சையும் இறந்த பூஞ்சையும் ஒன்றுபோலவே நீலமாகும்.

ஒளிர்வு நுண்ணோக்கி வேறு வழி காட்டியது. சில பொருட்கள் குறைந்த அலைநீள ஒளியை உட்கவர்ந்து, அதைவிட நீண்ட அலைநீள ஒளியை உமிழ்கின்றன. புற ஊதா ஒளியில் அர்பஸ்கூல்கள் சாயமின்றித் தாமாகவே ஒளிர்வதை 1982இல் ஏம்ஸ், இங்ஹாம், ரீட் ஆகியோர் அறிவித்தனர். வேரைக் கொல்லாமல் பூஞ்சையைக் கணக்கிடலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. எனினும் சிதைந்துபோன அர்பஸ்கூல்களும் ஒளிர்வதைப் பிந்தைய ஆய்வுகள் காட்டின. வேரிலுள்ள லிக்னினும் ஒளிரக்கூடியது. ஆகவே ஒளிர்வது யாவும் உயிருள்ள பூஞ்சை அன்று.

இச்சிக்கலின் ஒரு பகுதியைக் குறிவைத்த சாயங்கள் தீர்த்தன. கோதுமை முளையிலிருந்து பெறப்படும் ஒரு புரதம், பூஞ்சையின் செல்சுவரிலுள்ள கைட்டினுடன் பிணையும். தாவரச் செல்சுவரில் கைட்டின் இல்லை. எனவே ஒளிரும் சாயம் இணைத்த இப்புரதம் பூஞ்சையைத் தாவரத்திலிருந்து பிரித்துக் காட்டுகிறது.

அடுத்த மாற்றம் ஜெல்லிமீனிலிருந்து வந்தது. ஒசாமு ஷிமோமுரா 1962இல் கண்டறிந்த பச்சை ஒளிர் புரதத்தைத் தாவரச் செல்களிலேயே உருவாக்க மரபணு நுட்பம் வழிசெய்தது. இதைக் கொண்டு 2005இல் இத்தாலிய, பிரெஞ்சு ஆய்வாளர்கள் உயிருள்ள வேர்ச்செல்களை உற்றுநோக்கினர். பூஞ்சை வேரின் மேற்பரப்பில் பற்றிக்கொண்ட 4 முதல் 5 மணி நேரத்தில், அது நுழைவதற்கு முன்பே, அது செல்லவேண்டிய பாதையைத் தாவரச் செல் தன்னுள் அமைத்துவிடுகிறது. பூஞ்சை வேரைத் துளைத்து நுழையும் படையெடுப்பாளர் அன்று, வேர் வழிவிட்டு ஏற்கும் விருந்தாளி என்பதை இக்கண்டுபிடிப்பு தெளிவாக்கியது. சாயமேற்றி இறந்த வேரில் இந்நிகழ்வின் வரிசையைக் கண்டிருக்க இயலாது.