தேய்ந்த வெள்ளி ரூபாயும் ஒரு குவளைத் தண்ணீரும்

சங்கப் புலவர் வரிசையில் வடமவண்ணக்கன் பேரிசாத்தனார் என்றொரு பெயர் உண்டு. வண்ணக்கன் என்போர் பொன்னையும் காசையும் சோதித்துத் தரம் சொல்பவர்கள். அவர்கள் தொழிலை நாமே கைக்கொள்ள வேண்டிய தருணம் ஒன்று இன்றும் வாய்க்கிறது. பாட்டிமார் காலத்துச் செம்பிலும் காசுமாலையிலும் எஞ்சிய வெள்ளி ரூபாய்களை விற்கக் கொண்டுபோகும்போது, கடைக்காரர் 'இதில் பாதிதான் வெள்ளி' என்றால் நம்மிடம் மறுமொழி இருப்பதில்லை. அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம் என்பதுதான் சிக்கல்.

சென்னை மாகாணம் 1818இல் வராகனை விட்டு வெள்ளி ரூபாய்க்கு மாறியது. 180 கிரெயின் எடை, அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. கிழக்கிந்தியக் கம்பெனி 1835இல் தன் ஆட்சிப் பகுதி முழுமைக்கும் ஒரே ரூபாயை வகுத்தபோது, இந்தச் சென்னை அளவையே மேற்கொண்டது. இன்றைய கணக்கில் எடை 11.66 கிராம், அதில் தூய வெள்ளி 10.69 கிராம். ஒரு தோலாவும் அதே எடைதான். நாட்டு மருந்துச் சரக்கை 'ஒரு ரூபாய் எடை' என்று நிறுத்த நம் முன்னோர் காசையே படிக்கல்லாக்கிக்கொண்டார்கள்.

நூறாண்டு கடந்தும் மாறாத அந்தத் தரம் 1940இல் உடைந்தது. போர் அச்சத்தில் மக்கள் வெள்ளியைப் பதுக்க, அரசு வெள்ளியைப் பாதியாகக் குறைத்தது. மீதியில் செம்பு 40 விழுக்காடு, நிக்கலும் துத்தநாகமும் ஐந்தைந்து. எடை மட்டும் அதே 11.66 கிராம். கள்ளக் காசைத் தடுக்க விளிம்பில் ஒரு பாதுகாப்புக் கோடும் சேர்ந்தது. 1947இல் வந்த புலி உருவ ரூபாயில் வெள்ளியே இல்லை; முழு நிக்கல், காந்தம் கவ்வும்.

ஆகவே முதல் சோதனைக்குக் கண்ணே போதும். விக்டோரியா, தாடி வைத்த ஏழாம் எட்வர்டு, தாடி வைத்த ஐந்தாம் ஜார்ஜ் ஆகியோர் முகமிருந்து, காசு போலியாகவும் இல்லையென்றால், அது பழைய தரம். மழித்த முகத்து ஆறாம் ஜார்ஜ்தான் நம்மைத் திணறடிப்பவர். 1938, 1939 என ஆண்டிட்டவை பழைய தரம்; 1940 முதல் 1945 வரையிலானவை பாதித் தரம். ஆண்டும் விளிம்பும் தேய்ந்துபோனால்?

சுண்டிப் பார்ப்பது பழைய வழக்கம். ஈயக் கலப்புள்ள போலியை அது காட்டிக்கொடுக்கும். ஆனால் பாதி வெள்ளிக் காசும் கணீரென்றே ஒலிக்கும். வளையம் பற்றவைத்த காசுமாலைக் காசோ, நல்ல வெள்ளியானாலும் மழுங்கி ஒலிக்கும். உரைகல் பொன்னுக்கு உற்றது. பத்தரை மாற்று என்ற வழக்கே அதிலிருந்து வந்தது. வெள்ளியில் அத்தனை நுட்பம் கிட்டுவதில்லை. நைட்ரிக் அமிலத்தைப் பரிந்துரைப்பவர்கள் உண்டு. காசையும் கையையும் ஒருசேரக் கெடுத்துக்கொள்ள அதைவிட நல்ல வழி இல்லை.

எஞ்சுவது ஆர்க்கிமிடீசின் வழி. தேய்மானம் எடையைத் தின்னும், அடர்த்தியைத் தொடாது. பழைய தரத்தின் அடர்த்தி ஏறத்தாழ 10.3, பாதித் தரத்துக்கு 9.5. அடுக்களைத் தராசு இதற்கு உதவாது. நூறில் ஒரு கிராம் வரை காட்டும் சிறு மின்தராசு வேண்டும். முதலில் காசை நிறுத்து எழுதிக்கொள்வோம். பிறகு தண்ணீர்க் குவளையைத் தராசில் வைத்து, எண்ணைச் சுழியாக்கி, மெல்லிய நூலில் கட்டிய காசை அடியிலும் பக்கத்திலும் படாமல் நீருக்குள் தொங்கவிடுவோம். தராசு காட்டும் கிராம், காசின் கன அளவு. முதல் எண்ணை இதனால் வகுத்தால் அடர்த்தி. தேய்ந்து 11.20 கிராம் ஆகிவிட்ட ரூபாய் 1.08 காட்டினால் அடர்த்தி 10.37, பழைய தரம், 1.17 காட்டினால் 9.57, பாதித் தரம். இடைவெளி ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். காசில் ஒட்டிய காற்றுக் குமிழே முடிவைப் புரட்டிவிடும். எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பு நீரால் கழுவி, மூன்று முறையாவது அளப்பது நலம்.

பற்றவைத்த காசுக்கு இதுவும் முழுச் சான்றாகாது. பற்றாசும் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. அத்தகைய காசுகளைத் தனியே பிரித்து, எக்ஸ் கதிர்க் கருவி வைத்திருக்கும் தர மையத்தில் கொடுத்துப் பார்க்கலாம். மற்றவற்றை இரண்டு குவியலாக்கி, தனித்தனியே விலை பேசலாம். ஒரு குவியலில் காசுக்கு 10 கிராமுக்கு மேல் வெள்ளி. மற்றதில் 6 கிராமுக்கும் குறைவு.