பெருங்குளத்துப் பையனும் பி.ஏ. பட்டமும்

ஏழைப் பையன், பெரிய ஆசை, பட்டணம், பணம் வந்ததும் மனசு கோணிப்போவது. இந்தக் கதை என்றால் டிக்கன்ஸ் 1860-61ல் தொடராக எழுதிய பிப்பின் கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். நம்ம தாமிரபரணிக் கரையில் இதற்கு ஒரு பங்காளி இருக்கிறது: அ. மாதவையாவின் ‘பத்மாவதி சரித்திரம்’. முதல் பாகம் 1898, இரண்டாம் பாகம் 1899.

மாதவையா 1872ல் பெருங்குளத்தில் பிறந்தவர். நவதிருப்பதியில் ஒன்றான அதே ஊர்தான். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு வேலை முடிகிற சமயம் அது. நாலு வருஷத்தில் ரயிலும் திருநெல்வேலிக்கு வந்துவிட்டது. இந்த ரயிலைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. ஆற்றுப் பாசனமும் அக்கிரகாரமும்தான் உலகம் என்றிருந்த பையன்களுக்கு மெட்ராஸ் என்று ஒரு ஊர் கைக்கெட்டியது அதற்குப் பிறகுதான். மெட்ரிகுலேஷன், எஃப்.ஏ., பி.ஏ., அப்புறம் சர்க்கார் உத்தியோகம் என்று ஒரு ஏணி. அந்த ஏணியில் மாதவையாவே ஏறினார்: சென்னை கிறிஸ்தவக் கல்லூரி, பிறகு உப்பு இலாகா.

நாவலின் நாயகன் நாராயணனும் அதே ஏணியில் ஏறுகிறவன்தான். வசதி போன வீட்டுப் பிள்ளை. பிப்புக்குப் பணம் ஒரு கைதியிடமிருந்து ரகசியமாக வருகிறது. நாராயணனுக்கு அப்படி ஒரு புண்ணியவான் கிடையாது, பரீட்சைதான் கதி. அந்தக் காலத்துத் திருநெல்வேலிக்கு இதுதான் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. பரீட்சையில் தேறினால் சம்பளம் மட்டுமா வரும்? கல்யாணச் சந்தையில் விலையும் ஏறும். மாதவையா இதைக் கண்டு முகம் சுளிக்கிற இடங்கள் இன்றைக்கும் சுருக்கென்று தைக்கின்றன.

நாவலின் உயிர் எனக்கு வேறொரு இடத்தில் இருக்கிறது. ஷேக்ஸ்பியரும் மில்லும் படித்த தலைமுறை. பெண்கல்வி வேண்டும் என்று பேசுகிற தலைமுறை. அதில் ஒருவனான நாராயணன், கெட்ட எண்ணம் கொண்டவர்களின் பேச்சில் விழுந்து, தன் பெண்டாட்டியையே சந்தேகிக்கிறான். பத்மாவதி ஒரு தப்பும் செய்யவில்லை. பி.ஏ. வரைக்கும் போன அறிவு அவனைக் காப்பாற்றவில்லை பாருங்கள்! சீர்திருத்தத்துக்காக எழுதுகிற ஒருவர் சீர்திருத்தக்காரனையே கூண்டில் ஏற்றியது சின்ன விஷயம் இல்லை. கடைசியில் தம்பதி சேர்ந்துவிடுகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சமாதானத்தை விட, அதற்கு முன்னால் வருகிற சந்தேகப் பக்கங்கள்தான் என் மனசில் நிற்கின்றன. உபதேசம் நீள்கிற பக்கங்களை நான் வேகமாகத்தான் புரட்டினேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொரு பொருத்தம். ‘கமலாம்பாள் சரித்திரம்’ எழுதிய ராஜமையரும் 1872ல் பிறந்தவர், அதே கிறிஸ்தவக் கல்லூரி. 1898ல், அதாவது பத்மாவதி வெளிவந்த வருஷத்திலேயே போய்விட்டார். ஒருவர் வேதாந்தத்தின் பக்கம் போனார், மற்றவர் சமூகத்தை விடாமல் பிடித்துக்கொண்டார்.

மாதவையா ‘விவேக சிந்தாமணி’யில் 1892ல் தொடங்கிய ‘சாவித்திரி சரித்திரம்’ பாதியில் நின்றது; 1903ல் அது ‘முத்துமீனாக்ஷி’யாக வந்தது. பையன் வளர்ந்து ஆளாகிற கதையை ‘தில்லை கோவிந்தன்’ என்று ஆங்கிலத்திலும் எழுதினார். ‘கிளாரிந்தா’ நம்ம பாளையங்கோட்டைக்காரி கதை. அவள் கட்டின கோயிலை இன்றைக்கும் பாப்பாத்தி கோயில் என்றுதான் சொல்கிறார்கள்.

உத்தியோகத்தை விட்டபின் மயிலாப்பூரில் குடியேறினார். வீட்டின் பெயர் என்ன தெரியுமா? பெருங்குளம் ஹவுஸ். இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் அவருடைய கடைசிப் பிள்ளை. அங்கிருந்து ‘பஞ்சாமிர்தம்’ பத்திரிகை நடத்தி, இருபத்தைந்து வருஷம் கழித்து அதில் பத்மாவதியின் மூன்றாம் பாகத்தைத் தொடங்கினார். 1925 அக்டோபர் 22 அன்று, சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டத்தில் பி.ஏ. வகுப்புக்குத் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று பேசி முடித்து உட்கார்ந்தவர், அங்கேயே உயிர் விட்டார். மூன்றாம் பாகம் முடியாமலே நின்றுபோயிற்று.