ஒரு மில்லிகிராமின் வரலாறு

இதயம் நின்றுபோன பெரியவர் ஒருவருக்கு 3 முதல் 5 நிமிடங்களுக்கு ஒருமுறை 1 மில்லிகிராம் அட்ரினலின் செலுத்த வேண்டும் என்பது மருத்துவ மாணவர்கள் மனனம் செய்யும் விதி. (மாரடைப்பு வேறு, இதயநிறுத்தம் வேறு. முன்னதில் இதயத் தசைக்குச் செல்லும் குருதி தடைபடுகிறது. பின்னதில் இதயம் குருதியை உந்துவதே நின்றுவிடுகிறது. நாளேடுகள் பெரும்பாலும் இரண்டையும் ஒரே சொல்லால் குறித்துவிடுகின்றன.) நோயாளியின் எடை 45 கிலோவாயினும் 90 கிலோவாயினும் அளவு மாறுவதில்லை. இந்த எண்ணின் வேரைத் தேடுவோர் நாய்களைக் கொண்டு நடத்தப்பட்ட சோதனைகளுக்கே சென்று சேர்வர்.

சிறுநீரகத்தின் மேல் அமர்ந்துள்ள சுரப்பியின் சாற்றிலிருந்து இம்மருந்தைப் படிகமாகப் பிரித்தெடுத்த செய்தியை ஜோகிச்சி தகாமினே 1901இல் வெளியிட்டார். அவர் இலத்தீன் வேரிலிருந்து ‘அட்ரினலின்’ என்று பெயரிட்டார். அதே பொருளைத் தேடிவந்த ஜான் ஏபெல் கிரேக்க வேரிலிருந்து ‘எபிநெஃப்ரின்’ என்றார். இரு பெயர்களும் சுரப்பியின் இருப்பிடத்தை மட்டுமே சொல்கின்றன. மருந்தின் செயலைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

செயலை விளக்க முற்பட்டவர்களுள் முதன்மையானவர் கிளீவ்லாந்து அறுவை மருத்துவர் ஜார்ஜ் கிரைல். இதயத்தைத் தூண்டினால் மட்டும் போதாது, இதயத்துக்கே குருதி ஊட்டும் தமனிகளில் போதிய அழுத்தம் வேண்டும் என்று அவரும் டாலியும் 1906இல் நாய்ச் சோதனைகளின் வழியே காட்டினர். அட்ரினலின் உடலெங்கும் சிறு தமனிகளைச் சுருக்கி அவ்வழுத்தத்தை உயர்த்தியது. ஆயினும் மார்பைத் திறவாமல் இதயத்தை அழுத்தும் முறை 1960இல் பால்டிமோரிலிருந்து பரவிய பின்னரே இம்மருந்து தெருவுக்கும் வந்தது. 1963இல் ரெட்டிங்கும் பியர்சனும் சுமார் 10 கிலோ எடையுள்ள நாய்களுக்கு 1 மில்லிகிராம் கொடுத்து நல்ல விளைவு கண்டனர். மனிதருக்கும் அதே 1 மில்லிகிராம் நிலைத்தது.

எடைக்கேற்பக் கணக்கிட்டால் 70 கிலோ மனிதருக்கு 7 மில்லிகிராம் அல்லவா வேண்டும்? இந்த ஐயம் நியாயமானதே. கனடாவில் ஸ்டீல் குழுவினர் 650 பேரிடம் 7 மில்லிகிராமையும் 1 மில்லிகிராமையும் ஒப்பிட்டு 1992இல் முடிவை வெளியிட்டனர். மிகுதியாகக் கொடுத்ததால் பிழைத்தவர் தொகை கூடவில்லை.

காரணத்தின் ஒரு பகுதி மருந்தின் இரட்டை இயல்பில் இருக்கிறது. தமனிகளைச் சுருக்குவது ஆல்ஃபா ஏற்பிகளின் வழியே. இதயத்தைச் சாட்டையால் அடிப்பதுபோல விரட்டுவது பீட்டா ஏற்பிகளின் வழியே. குருதியின்றித் தவிக்கும் தசைக்கு அந்த விரட்டல் ஆக்சிஜன் தேவையைக் கூட்டிவிடுகிறது. எனவே பீட்டா பகுதியை மட்டும் தடுத்து இதயத்தைக் காக்கலாமா என்று 1990களில் விலங்குகளிடம் சோதித்தனர், காயம் குறைந்தது. மனிதரிடம் எஸ்மோலால் மருந்தைக் கொண்டு இதுவரை நடந்தவை மிகச் சிறிய ஆய்வுகளே.

ஆனால் அடிப்படைக் கேள்வி, அதாவது அட்ரினலினே கொடுக்காவிட்டால் என்னவாகும் என்பது, அரை நூற்றாண்டுக் காலம் கேட்கப்படவில்லை. கொடுக்காமல் விடுவது கொலைக்கு ஒப்பானது என்ற நம்பிக்கை வேரூன்றியிருந்தது. ஆஸ்திரேலியாவில் ஏறத்தாழ 5000 பேரைச் சேர்க்கத் திட்டமிட்ட ஆய்வு, எதிர்ப்பினால் மேற்கு ஆஸ்திரேலியாவுடன் நின்று, 534 பேருடன் 2011இல் முடிந்தது. அந்த எண்ணிக்கை எதையும் உறுதியாகச் சொல்லப் போதவில்லை.

பின்னர் பிரிட்டனில் 8000க்கும் மேற்பட்டோரிடம் அட்ரினலினும் உப்புநீரும் ஒப்பிடப்பட்டன. மயங்கிக் கிடப்பவரிடம் ஒப்புதல் பெற இயலாது. ஆகவே பங்கேற்க விரும்பாதோர் முன்கூட்டியே கேட்டுப் பெற்று அணிந்துகொள்ளக் கைவளையம் வழங்கப்பட்டது. 2018இல் வெளியான முடிவு இது: இதயத் துடிப்பு மீண்டவர் 36.3 விழுக்காடு, உப்புநீர் பெற்றோரில் 11.7. முப்பதாம் நாளில் உயிருடன் இருந்தவர் 3.2, மற்றவரில் 2.4. நல்ல மூளைச் செயல்பாட்டுடன் வீடு திரும்பியவர் 2.2, மற்றவரில் 1.9, இவ்வேறுபாடு தற்செயலாகவும் இருக்கக்கூடும். பிழைத்தவர்களுள் கடுமையான மூளைப் பாதிப்புக்கு உள்ளானோர் 31 விழுக்காடு, உப்புநீர் பெற்றோரில் 17.8.

மீண்டது இதயமா, மனிதரா என்பதை ‘உயிர்ப்பித்தல்’ என்ற சொல் பிரித்துக் காட்டுவதில்லை. பழைய ஆய்வுகள் பலவும் முன்னதையே எண்ணின. ஆய்வுக்கு முன் நோயாளிகளிடமும் பொதுமக்களிடமும் கலந்தபோது, வெறுமனே பிழைப்பதைவிட மூளை நலத்துடன் பிழைப்பதையே அவர்கள் முதன்மையாகக் கருதினர். 2020இல் திருத்தப்பட்ட அமெரிக்க வழிகாட்டி நெறிகளிலும் அளவு மாறவில்லை: 1 மில்லிகிராம், 3 முதல் 5 நிமிடங்களுக்கு ஒருமுறை.