அட்டையில டிராகன், திரையில வாத்து

1980-ல அட்டாரி வெளியிட்ட 'அட்வென்ச்சர்' கேமோட அட்டைப்படத்தைப் பாருங்க. கோட்டை, டிராகன்னு பிரமாதமான ஓவியம். கேமை ஆன் பண்ணா, ஹீரோ ஒரு சின்னச் சதுரம். டிராகன் பாக்க வாத்து மாதிரி இருக்கும்.

இது ஏமாத்து வேலையா? முழுசா அப்படிச் சொல்ல முடியாது. அந்த மெஷினோட ரேம் வெறும் 128 பைட். திரை காட்ட முடியாததைக் கற்பனை பண்ண அட்டைதான் உதவுச்சு. ஆனா, மோசமான கேம்களும் அதே பளபளப்போட கடைக்கு வந்தப்போ, எது நல்லதுன்னு தெரியாம ஜனங்க நம்பிக்கை இழந்தாங்க. 1983-ல அமெரிக்க கேம் சந்தை சரிஞ்சதுக்கு இந்த நம்பிக்கை இழப்பும் ஒரு காரணம்.

1985-ல நின்டெண்டோ தன்னோட கன்சோலை அங்க இறக்கினப்போ, கறுப்பு அட்டையில கேம்ல வர்ற பிக்சல் உருவங்களையே பெருசாக்கிப் போட்டுச்சு. என்ன வாங்குறோம்னு கடையிலேயே தெரிஞ்சுது.

இன்னைக்கு ஸ்டீம்ல அந்த அட்டை ஒரு குட்டிப் படம். 2022 செப்டம்பர்ல இருந்து அதுல விருது, ரிவியூ மார்க், தள்ளுபடி எதுவும் போடக் கூடாது; ஸ்கிரீன்ஷாட்ல கேம்பிளேதான் இருக்கணும். நீங்க கேம் பண்றவரா? பிளேயர் என்ன செய்யப் போறார்னு முதல் வரியிலேயே எழுதுங்க. அட்டை ஆசை காட்டலாம்; அந்த வாக்கைக் கேம் காப்பாத்தணும்.