கணுக்கால் மூட்டு நிலையின்மை

கணுக்கால் மூட்டு நிலையின்மை என்பது, சுளுக்கு ஆறிய பின்னும் கால் அடிக்கடி பிசகும் நிலை. பாதம் உட்புறம் மடங்கும்போது வெளிப்புறத் தசைநார்கள் கிழிவதோ தளர்வதோ பெரும்பாலும் இதற்குக் காரணம். அங்குள்ள மூன்று தசைநார்களில், கீழ்க்கால் வெளியெலும்பைத் தாலஸ் எலும்புடன் முன்புறம் இணைப்பதே மெலிந்தது. பெரும்பாலும் முதலில் கிழிவதும் அதுவே.

வகைகள்

தசைநார் தளர்ந்து மூட்டு அளவுக்கு மீறி அசைவது கட்டமைப்பு நிலையின்மை. தசைநார் உறுதியாக இருந்தும் பாதத்தின் நிலையை உணரும் திறன் மங்கி, தசைகள் தாமதமாக இயங்குவது செயல்பாட்டு நிலையின்மை. மருத்துவர் ஃப்ரீமன் 1965இல் இந்த இரண்டாம் வகையை விளக்கினார். இரண்டும் சேர்ந்தும் வரும்.

அறிகுறிகள்

மேடுபள்ளத்தில் நடக்கும்போதும் படி இறங்கும்போதும் கால் மடங்கிவிடும். வெளிக்கணுவைச் சுற்றி வலியும் வீக்கமும் வந்து வந்து போகும். பலர் அந்தக் காலை ஊன்றவே அஞ்சுவார்கள்.

பரிசோதனை

முன்னிழுப்புச் சோதனையில் நோயாளி காலைத் தொங்கவிட்டு அமர்வார். மருத்துவர் ஒரு கையால் கணுக்காலுக்குச் சற்று மேலே பிடித்துக்கொண்டு, மறு கையால் குதிகாலை முன்னே இழுப்பார். தசைநார் அறுந்திருந்தால் பாதம் வழுக்கி முன்வரும். வெளிக்கணுவுக்கு முன்னால் தோலில் சிறு குழி விழலாம். குதிகாலை உட்புறம் சாய்க்கும் சோதனை, குதிகால் எலும்போடு இணைந்த தசைநாரின் உறுதியைக் காட்டும். இயல்பிலேயே மூட்டு தளர்ந்தவர்கள் உண்டு என்பதால் மறு காலையும் சோதித்து ஒப்பிட வேண்டும். புதுக் காயத்தில் வலியும் வீக்கமும் தளர்வை மறைத்துவிடும். 4–5 நாள் கழித்துப் பார்த்தால் தெளிவாகத் தெரியும். ஒற்றைக் காலில் நிற்கச் சொல்வது சமநிலைக் குறைவைக் காட்டும்.

படச்சோதனைகள்

காயம் பட்டவுடனும் பிறகு மருத்துவமனையிலும் 4 அடி எடுத்துவைக்க முடியாவிட்டாலோ, கணு எலும்பின் நுனியிலோ பின்விளிம்பிலோ அழுத்தும்போது வலித்தாலோ எக்ஸ்ரே தேவை என்பது 1992இல் கனடாவில் வகுக்கப்பட்ட ஒட்டாவா விதிகளில் அடங்கும். எம்.ஆர்.ஐ. தசைநார்க் கிழிசலையும் தாலஸ் குருத்தெலும்பின் சேதத்தையும் காட்டும். ஆனால் படுத்த நிலையில் எடுக்கும் படத்தில் செயல்பாட்டுக் குறை பதிவாகாது. எனவே ஸ்கேன் இயல்பாக இருக்கிறது என்பதற்காக நோயாளியின் முறையீட்டை ஒதுக்கக் கூடாது.

வேறுபடுத்தி அறிதல்

வெளிப்புறத் தசைநாண் இடம்பெயர்தல், குருத்தெலும்புச் சேதம், கீழ்க்கால் எலும்புகளைப் பிணைக்கும் தசைநாரின் காயம், உள்வளைந்த குதிகால் ஆகியவையும் இதே தொல்லையைத் தரலாம். காரணத்தைப் பிரித்தறிந்தால்தான் சமநிலைப் பயிற்சி போதுமா, தசைநாரைச் சீரமைக்கும் அறுவை தேவையா என்று முடிவு செய்ய முடியும்.